டியூப் இருபது ரூபாய்தானே? தண்டுவட அடிக்குப் பிறகு யூரின் செலவு

கேள்வி, 2025 ஆகஸ்ட் 3

தண்டுவடத்தில் அடிபட்டால் ஆபரேஷன்தானே பெரிய செலவு? அதற்கு முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரை இருக்கிறது. அப்புறம் யூரின் எடுக்க ஒரு டியூப், அது இருபது ரூபாய். மாதம் 2000 மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் வருகிறது. பிறகு ஏன் இங்கே எல்லாரும் செலவு, செலவு என்று புலம்புகிறீர்கள்? குத்திக்காட்டக் கேட்கவில்லை. என் மச்சான் பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கணக்குப் போடத்தான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 3, இரவு

கணக்குத்தானே, போட்டுவிடுவோம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை டியூப்பை உள்ளே விட்டு யூரினை எடுக்க வேண்டும். மாதம் 150. ஒவ்வொரு தடவையும் புது டியூப் என்றால், இருபது ரூபாய் கணக்கில் 3000. உதவித்தொகை 2000. டியூப் வாங்கியதிலேயே ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. டியூப் வழுக்கிப் போகத் தடவும் ஜெல்லி, பஞ்சு, பாக்கெட்டில் வைக்க ஹேண்ட் சானிடைசர், ராத்திரிக்கு யூரின் பேக் எல்லாம் இதில் சேரவில்லை. அரிசி பருப்பும் சேரவில்லை.

அதனால்தான் யாரும் தடவைக்கு ஒன்று போடுவதில்லை. கழுவிக் காயவைத்து அதையே போடுகிறோம். நானும் அப்படித்தான்.

எனக்கு அடி டி12-இல். நெஞ்சுப் பகுதி முதுகெலும்புக்கு டி என்று பெயர், மேலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது, கடைசி. கட்டட வேலையில் சாரம் சரிந்தது. இப்போது வீட்டு முன்வாசலில் செல்போன் பழுது பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 5

மச்சானுக்கு எந்த இடத்தில் அடி என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். செலவைத் தீர்மானிப்பது அதுதான்.

சிறுநீர்ப்பைக்கு வரும் நரம்பு தண்டுவடத்தின் வால் பக்கம், டாக்டர்கள் எஸ்2 முதல் எஸ்4 வரை என்பார்களே, அங்கேதான் இருக்கிறது. அந்த இடமே நசுங்கிப்போனால் பை தொளதொளவென்று கிடக்கும். தானாகச் சுருங்காது. நிறைந்து வழியும். என்னுடையது அந்த ரகம். டியூப் மட்டும் போதும், மாத்திரை பெரிதாக இல்லை.

அதற்கு மேலே, நெஞ்சிலோ கழுத்திலோ அடி என்றால் கதை வேறு. பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்கும், ஆனால் பையின் வாய்ப்பக்கத்துத் தசை அந்த நேரத்தில் திறக்காது. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். உள்ளே அழுத்தம் ஏறி யூரின் கிட்னிக்குத் திரும்பும். வெளியே கொஞ்சம் கசிவதைப் பார்த்து "நல்லாத்தான் போகுது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷம் ஆபத்து. இவர்களுக்குப் பையை அடக்க மாத்திரை வேண்டும். ஆக்ஸிபியூட்டினின் விலை குறைவுதான், ஆனால் வாய் வறண்டு மலச்சிக்கல் வரும். அது ஒத்துவராதவர்களுக்கு மிராபெக்ரான். எங்கள் ஊர்க் கடையில் பிராண்டைப் பொறுத்து ஒரு மாத்திரை இருபது முப்பது ரூபாய். மாத்திரையும் கேட்காவிட்டால் பைக்குள் போடாக்ஸ் ஊசி. சினிமாக்காரர்கள் முகத்தில் போடுகிறார்களே, அதே சரக்கு, 200 யூனிட். ஆறேழு மாதத்தில், கூடிப்போனால் ஒன்பது மாதத்தில் வேகம் இறங்கிவிடும், திரும்பப் போட வேண்டும்.

எந்த ரகம் என்று உறுதியாகத் தெரிய, பைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் டெஸ்ட் இருக்கிறது. தனியாரில் சில ஆயிரம். யூராலஜி பிரிவு இருக்கும் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். வரிசை இருக்கும், காத்திருக்கலாம். இந்த ஒரு டெஸ்ட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆகஸ்ட் 6

வாழைத்தண்டு ஜூஸ் குடித்தால் சரியாகிவிடும் என்று எழுதிய அண்ணனுக்கு: வாழைத்தண்டு பொரியல் எனக்கும் பிடிக்கும். நரம்பு அறுந்ததை அது ஒட்டவைக்காது.

ஆகஸ்ட் 10

இரண்டு நாள் யோசித்தேன். 3000 ரூபாய்க் கணக்கு சரிதான், ஆனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் ஆளைத் திசை திருப்பிவிடும். குடும்பத்தைச் சாய்ப்பது இன்ஃபெக்ஷன். காய்ச்சல், குளிர், யூரின் கலங்கல், அட்மிஷன், ஐந்தாறு நாள் ஊசி, பக்கத்தில் இருக்கும் ஆளுக்குக் கூலி போச்சு. ஒரு தடவை இப்படிப் படுத்தால் அரை வருஷத்து டியூப் காசு போய்விடும். டியூப்பில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்க் கொட்டும்.

இதில் நிறையப் பேர் வீணாகச் செலவழிக்கும் இடம் ஒன்று. டியூப் விடுகிறவர்கள் யூரினில் கிருமி எப்போதுமே இருக்கும். கல்ச்சர், அதாவது யூரினில் என்ன கிருமி என்று பார்க்கும் டெஸ்ட், கொடுத்தால் ஏதோ ஒரு பெயர் வரத்தான் செய்யும். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, புதிதாகக் கசிவு இல்லை, கால் இறுக்கம் கூடவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டுக்கு மருந்து வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், யூராலஜி ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மட்டும் விலக்கு. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து மாசாமாசம் ஆண்டிபயாடிக் தின்றால் அடுத்த வருஷம் எந்த மாத்திரையும் கேட்காது, ஊசிதான். அந்த ஊசி விலையை நான் சொல்ல மாட்டேன், கேட்டால் உங்களுக்குக் காய்ச்சல் வரும்.

ஆனால் உண்மையிலேயே காய்ச்சல் வந்தால் "பார்த்துக்கலாம்" என்று வீட்டில் கிடக்காதீர்கள். கல்ச்சருக்குக் கொடுத்த பிறகு முதல் மாத்திரை. முன்னாடி இல்லை.

ஆகஸ்ட் 11

"கழுவிப் போடுகிறேன் என்கிறீர்களே, அசிங்கமில்லையா, ஸ்டெரைல் வேண்டாமா?"

1972-இல் அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடஸ் என்ற யூராலஜிஸ்ட் இதைத்தான் எழுதினார். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கிருமி இல்லாமல் செய்ய வேண்டாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான டியூப்பை விட்டால் போதும், பையை அளவுக்கு மீறி நிரம்ப விடாமல் வேளாவேளைக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்றார். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் டியூப் விட்டு எடுப்பதை முறைப்படுத்தியிருந்தார், ஆனால் அது ஸ்டெரைல் முறை, டாக்டரும் நர்ஸும் வேண்டும். லாபிடஸ் சொன்ன பிறகுதான் சாதாரண ஆள் வீட்டில் தானே செய்யலாம் என்றானது. நம் மாதிரி ஆட்களின் செலவை இவ்வளவு குறைத்த வேறு மருந்தோ மெஷினோ எனக்குத் தெரிந்து இல்லை.

பணக்கார நாட்டிலேயே தடவைக்கு ஒரு டியூப் என்பது பழைய வழக்கம் இல்லை. அமெரிக்காவின் அரசுக் காப்பீடான மெடிகேர் 2008-இல்தான் மாதம் 200 வரை தர ஒத்துக்கொண்டது. கழுவியது நல்லதா புதியது நல்லதா என்று டாக்டர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். காசு இருந்தால் புதிது போடுங்கள், எனக்கு வழக்கு இல்லை.

ஆகஸ்ட் 12

செய்முறை கேட்டவர்களுக்கு. புனர்வாழ்வு மையத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, நான் செய்வது:

டியூப்பை எடுத்ததும் உடனே ஓடும் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுவேன். அப்புறம் சோப்புத் தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். உதறி, துணிக்கிளிப்பில் மாட்டி நிழலில் காயவைப்பேன். உள்ளே ஈரம் நின்றால்தான் வம்பு. காய்ந்ததும் மூடி போட்ட டப்பா. வளைந்தாலோ சொரசொரப்பானாலோ வாசனை போகாவிட்டாலோ குப்பை. எங்கள் வீட்டில் அந்த டப்பா பழைய டிபன் பாக்ஸ். விருந்தாளி யாராவது எடுத்துத் திறந்தால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரி அதன் மூடியில் "மருந்து" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

யூரின் நின்றதும் சரக்கென்று உருவாதீர்கள். அரை அங்குலம், அரை அங்குலமாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது நின்ற ஓட்டம் மறுபடி தொடங்கும். அங்கே கையை நிறுத்த வேண்டும். நின்றதும் இன்னும் கொஞ்சம். கடைசியில் வருவது ஒரு அவுன்ஸ் இருக்கும், அது உள்ளே தங்கினால்தான் கல்லும் கிருமியும். ஒரு தடவைக்கு மொத்தம் 400, 500 மில்லிக்கு மேல் வருகிறது என்றால் இடைவெளி அதிகம், இன்னொரு வேளை சேருங்கள்.

ஆகஸ்ட் 17

சுதந்திர தின லீவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் அந்த போர்டைப் பார்த்தேன். இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48. நல்ல திட்டம், 2021 டிசம்பரில் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது. அதில் பிழைத்து வருகிறவர்களில் தண்டுவடம் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு 49-ஆவது மணியிலிருந்து முப்பது நாற்பது வருஷம் இருக்கிறது.

காப்பீட்டு அட்டை அட்மிஷன் போட்டால் வேலை செய்யும். வீட்டில் விடும் டியூப்புக்கு அட்மிஷன் கிடையாது. அதாவது டியூப் வாங்கக் காசில்லாமல் பை வீங்கி, கிட்னி கெட்டு, பெட்டில் போய்ப் படுத்தால் அட்டை தாங்கும். கெடாமல் இருக்க அட்டையில் வழி இல்லை.

ஆகஸ்ட் 18

"அப்படியானால் உள்ளேயே தங்கும் ஃபோலே டியூப் போட்டு பேக் மாட்டிவிட்டால் மலிவுதானே, மாதம் ஒரு தடவை மாற்றினால் போதுமே" என்று ஒருவர். காகிதத்தில் மலிவுதான். லேட்டக்ஸ் ஃபோலே நூறு ரூபாய்ச் சொச்சம், பேக் ஒன்று நூறுக்குள். நிறையப் பேரை அப்படித்தான் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். கழுத்தில் அடிபட்டுக் கை வராதவர்களுக்கும், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கும் வேறு வழியில்லை, அவர்களை நான் சொல்லவில்லை. கை நன்றாக இருக்கிறவனுக்கு நிரந்தரமாக உள்ளே ரப்பர் கிடந்தால் இன்ஃபெக்ஷன், கல், ஆண்களுக்குக் குறி அடியில் புண். கல் எடுக்கும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

போட்டே ஆக வேண்டும் என்றால்: டியூப் நழுவாமல் உள்ளே ஊதிவிடும் பலூனுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், சலைன் விடக் கூடாது. உப்புப் படிந்து வால்வு அடைத்துக்கொண்டால் பலூன் சுருங்காது, டியூப் வெளியே வராது. பேக் எப்போதும் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே. பிறவியிலேயே முதுகில் கட்டியோடு பிறந்த குழந்தைகளுக்கு, ஸ்பைனா பிஃபிடா என்பார்களே, லேட்டக்ஸ் வேண்டவே வேண்டாம். அவர்களில் பலருக்கு அது அலர்ஜி. முழு சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். விலை மூன்று நான்கு மடங்கு. எங்கும் நம் ஆட்களுக்குத்தான் மடங்கு.

டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்கள் வீட்டில்: திடீரென்று மண்டை பிளக்கும் வலி, முகத்தில் வேர்வை, பிரஷர் எகிறுகிறது என்றால் தைலத்தைத் தேடாதீர்கள். ஆளை உட்காரவைத்து, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. உயிர் போகிற விஷயம் இது.

செப்டம்பர் 4

நேற்று ஜிஎஸ்டி கவுன்சிலில் குறைத்திருக்கிறார்கள். மருத்துவக் கருவிகளுக்கும், பெரியவர்கள் போடும் டயப்பருக்கும் 12-லிருந்து 5. செப்டம்பர் 22 முதல். கதீட்டரும், அதாவது நம் டியூப்பும், இதில் வருகிறது. இருபது ரூபாய் டியூப்பில் ஒண்ணே கால் ரூபாய் குறையலாம். கேலியாகச் சொல்லவில்லை, 150-ஆல் பெருக்கினால் ஒரு ஜெல்லி டியூப் காசு தேறும். சானிட்டரி நாப்கினுக்கு 2018-லேயே வரி இல்லை என்றாக்கினார்கள். இதற்கு மட்டும் 5 எதற்கு?

செப்டம்பர் 24

மெடிக்கல் கடை அண்ணாச்சியிடம் போனேன். பழைய ஸ்டாக், பழைய எம்ஆர்பி, "அடுத்த லோடு வரட்டும்யா". சரி. 12 நம்பர் கே-90 டியூப் கேட்டேன்.

"12 இல்ல. 14 தரட்டா? ரெண்டு நம்பர்தான கூட."

"நீரு செருப்பு ரெண்டு நம்பர் பெரிசாப் போட்டு நடந்து பாரும் அண்ணாச்சி."

சிரித்தார். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. டியூப்பின் குறுக்களவில் மூன்று நம்பர் ஒரு மில்லிமீட்டர். 12 என்றால் 4 மில்லிமீட்டர், 14 என்றால் நாலே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. உணர்ச்சி இல்லாத இடத்தில் வலிக்காது, அதனால் உரசிப் புண்ணாவது தெரியாது. ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். மொத்தக் கடையில் நூறு டியூப் பெட்டியாக வாங்கினால் விலையும் குறையும், நம்பரும் மாறாது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்குகிறோம்.

அக்டோபர் 2

ஒரு அக்கா கேட்டு எழுதியிருக்கிறார், பெண்களைப் பற்றி யாருமே பேசவில்லை என்று. நியாயம். எனக்குச் சொந்த அனுபவம் இல்லாததால் அவர் சொன்னதையே போடுகிறேன். ஆரம்பத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும், பழகினால் விரலே சொல்லிவிடும். ஆண்கள் மாதிரி வெளியே மாட்டும் உறை, அதுதான் காண்டம் கதீட்டர், பெண்களுக்கு இல்லை. அதனால் கசிவு இருந்தால் டயப்பர்தான். டயப்பர் ஈரத்தோடு உட்கார்ந்தால் படுக்கைப்புண். வெளியே போனால் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை கிடையாது, எனவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவாராம். கிட்னி கல் வந்தது அவருக்கு.

"செலவுப் பட்டியலில் போகாத கல்யாணத்தையும் எழுதுங்க தம்பி" என்றார். எழுதிவிட்டேன்.

அக்டோபர் 12

தனியார் ஹெல்த் இன்சூரன்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கும் பாலிசி தர வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஆணையம் எல்லாக் கம்பெனிக்கும் உத்தரவு போட்டது. அதனால் ஏஜென்ட் "உங்களுக்குக் கிடையாது" என்றால் விடாதீர்கள். ஆனால் அதுவும் படுக்கையில் படுத்தால்தான். வீட்டு டியூப்புக்கு ஒன்றும் வராது. நிராமயா என்று மத்திய அரசு பாலிசி ஒன்று உண்டு, ஒரு லட்சம், வெளிநோயாளிச் செலவும் தருவார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருப்பவர்களுக்கு மட்டும். தண்டுவடம் அதில் இல்லை. வெளிநோயாளிச் செலவுக்கும் பாலிசி போட அரசால் முடியும் என்பது மட்டும் தெரிகிறது.

சம்பளக்காரர்கள்: 1961 வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவில் மாற்றுத்திறனாளிக்கு 75,000, கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 கழிவு. பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது யூரின் பிரச்சினையை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் காலை மட்டும் காட்டிவிட்டு வருகிறார்கள். சதவீதம் கணக்கிட 2001-இல் போட்ட மத்திய அரசு வழிகாட்டியிலேயே சிறுநீர்ப்பைக்குத் தனி அட்டவணை இருந்தது. அடிக்கடி போவது, தாமதமாக வருவது என்றால் 25 சதவீதம், முழுக்க அடைப்போ முழுக்கக் கசிவோ என்றால் 100.

அக்டோபர் 19

முதலில் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். மச்சானுக்கு டி8-ஆம். விபத்து வழக்கு போட்டிருக்கிறார்களாம், வக்கீல் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கேட்டாராம்.

அய்யா, அங்கேதான் விட்டுவிடுவீர்கள். எதிர்கால மருத்துவச் செலவு என்று தனித் தலைப்பு இருக்கிறது. டியூப், பேக், மாத்திரை, வருஷம் ஒரு ஸ்கேன், கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட், யூரோடைனமிக், எல்லாவற்றையும் மாதக் கணக்காக டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். கடை பில் ஒன்றையும் எறியாதீர்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம், 12 வயதில் அடிபட்ட ஒரு சிறுமியின் வழக்கில், உதவியாள் செலவுக்கு மொத்தமாக ஏதோ ஒரு தொகை தராமல், வருமான இழப்புக்குப் போடுகிற மாதிரியே வருஷக் கணக்கைப் பெருக்கித் தந்தது. வக்கீலிடம் அந்தத் தீர்ப்பைக் கேளுங்கள், தேடி எடுப்பார். டி8 என்றால் பை இறுகும் ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு. ஆகஸ்ட் 5-இல் எழுதியதை மறுபடி படியுங்கள், மாத்திரைச் செலவையும் சேருங்கள்.

அக்டோபர் 20

மச்சானை எங்கே பயிற்சிக்கு அனுப்புவது என்றும் கேட்டிருந்தார். வேலூர் சிஎம்சியின் புனர்வாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது, 1966-இல் தொடங்கியது. அதை நடத்திய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தானே நடக்க முடியாமல் போனவர், சக்கர நாற்காலியிலிருந்தே ஆபரேஷன் செய்தவர். தெற்கே என்றால் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். கற்றுக்கொண்டு வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க மிச்சம்.

நவம்பர் 3

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். எந்த மாவட்டம் என்று வேண்டாம். சாய்தளம் அருமையாகப் போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். எனக்கு டியூப் விடும் நேரம். ஆட்டோவுக்குள் திரையை இழுத்துவிட்டுக் காரியத்தை முடித்தேன். டிரைவர் தம்பி திரும்பிப் பார்க்காமல் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான், நல்ல பையன்.

மனுவில் நான் கேட்டது இலவச ஆபரேஷன் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிறு வழியாக டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு டயாலிசிஸ் திரவப் பையை வீட்டிலேயே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து அந்தத் திட்டம் ஓடுகிறது, சுகர் மாத்திரையோடு அக்கா எங்கள் தெருவுக்கே வருகிறார். அந்த அக்கா கொண்டு வருவதோடு மாதம் முப்பது டியூப், இரண்டு ஜெல்லி சேர்த்துத் தந்தால் போதும். நாளுக்கு ஒன்று என்று வைத்து, பாக்கி வேளைக்குக் கழுவிக்கொள்கிறோம். கிட்னி போன பிறகு டயாலிசிஸ் பை தருகிறீர்கள், போகாமல் இருக்க டியூப் தாருங்கள். இவ்வளவுதான் எழுதினேன். ரசீது எண் கொடுத்தார்கள்.

நவம்பர் 5

மனு நகல் கேட்டவர்கள் தனியாகச் செய்தி அனுப்புங்கள், தருகிறேன். "முப்பது எதற்கு, 150 கேளுங்கள்" என்று சண்டைக்கு வந்த தம்பி, நீங்கள் 150 என்றே எழுதிக் கொடுங்கள். இரண்டு விதமாகவும் போகட்டும். நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள், பெரியவர்களுக்கு 12, 14, பிள்ளைகளுக்கு 8, 10 என்று பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மாவட்டத்துக்கே 16 வந்து இறங்கும்.